வேலிக் கம்பெனிக்கு வந்த படிவமும் மேஸ்திரியின் கணக்கு நோட்டும்

கேள்வி: கோத்தகிரியில் தோட்டங்களுக்கு வேலி போடும் சிறு கம்பெனி நடத்துகிறேன். வலைக்கம்பியை நாங்களே பின்னுகிறோம். சிமெண்ட் போஸ்ட் காரமடைப் பக்கத்திலிருந்து வருகிறது, கல்லுக்கால் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருகிறது, மரக்கழி ஒரு மர காண்ட்ராக்டரிடமிருந்து வருகிறது. 14 பேர் வேலை செய்கிறார்கள். அதில் 6 பேர் ஜார்க்கண்ட்காரர்கள். லண்டனில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு ரிசார்ட் நிறுவனத்தின் வேலை கிடைக்கப் போகிறது. "எங்களுக்குச் சரக்கு தருகிறவர்கள் வரை எங்கும் நவீன அடிமைமுறை இல்லை" என்று உறுதி கொடுக்கச் சொல்லிப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். எங்களிடம் அடிமை யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதாதா?

பதில்:

இப்போதே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள், கொடுப்பார்கள். நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்தது உங்கள் பட்டறையில் கண்ணெதிரே நிற்கும் 14 பேரைத்தான். படிவம் கேட்பது அந்தக் கல்லுக்காலை உடைத்தவர் யார், அந்த மரத்தை வெட்டியவர் யார் என்று. அவர்களை நீங்கள் பார்த்ததில்லை என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது: "பக்கத்திலிருந்து வருகிறது", "காண்ட்ராக்டரிடமிருந்து வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

கொத்தடிமை மீட்பு வழக்குகளில் பல ஆண்டுகள் சட்ட உதவி செய்திருக்கிறேன். அப்புறம் சில கம்பெனிகளுக்காக அவர்களுடைய சப்ளையர்களின் இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்துச் சொல்லும் வேலையும் செய்தேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

படிவத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2015-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் தங்களுக்குச் சரக்கு வரும் வழியிலும் அடிமைமுறை இல்லாமல் இருக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது அதன் 54-வது பிரிவு. ஆஸ்திரேலியாவிலும் 2018-இல் இப்படி ஒரு சட்டம் வந்தது. அங்கே வரம்பு 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். பிரிட்டன் சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: "நாங்கள் எதுவும் செய்யவில்லை" என்று எழுதினால்கூட அறிக்கை கொடுத்ததாகிவிடும். அதனால் பல நிறுவனங்கள் ஒரு படிவத்தைத் தயார் செய்து, கீழே இருக்கிறவர்களிடம் கையெழுத்து வாங்கி அடுக்கி வைத்துக்கொள்கின்றன. அந்த அடுக்கில் ஒரு தாளாகத்தான் உங்களுடையதும் போய்ச் சேரும்.

அந்தச் சட்டம் உங்களை நேரடியாகக் கட்டாது. கட்டுவது நம்முடைய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். அது 39 ஆண்டுகள் மூத்தது, அந்த அறிக்கை விதியைவிடக் கடுமையானதும்கூட.

நவீன அடிமைமுறை என்றதும் சங்கிலி, சாட்டை, பூட்டிய அறை என்று நினைக்கிறோம். அப்படியும் நடக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் சங்கிலியின் வேலையைச் செய்வது முன்பணம். இது நீலகிரிக்குப் புதிதில்லை. கூடலூர், பந்தலூரில் வாழும் பணியர் பழங்குடியினரின் முன்னோரை, மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டின் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் வைத்து ஒரு வருட வேலைக்குப் பிடிப்பார்கள். கையில் கொடுக்கும் சிறு தொகைக்கு நில்புப்பணம் என்று பெயர். அதை வாங்கியவர் அடுத்த திருவிழா வரை வேறு யாரிடமும் வேலைக்குப் போக முடியாது. கோத்தகிரியில் தாயகம் திரும்பிய குடும்பங்களில் வயதானவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், இலங்கைத் தோட்டத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்த கதையை அவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டிருப்பார்கள். கங்காணியிடம் பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தத் தொகையைக் கட்டி எடுக்க ஆள் இருந்தால்தான் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியும். 1921-இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். சீட்டு போய்விட்டது. மேஸ்திரியின் கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அவசரச் சட்டமாக 1975 அக்டோபர் 25-ஆம் தேதியே அமலுக்கு வந்துவிட்டது. முன்பணம் கொடுப்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. முன்பணத்தைக் காரணமாக வைத்து நான்கில் ஒன்று நடந்தாலே கொத்தடிமை என்கிறது: கூலியே இல்லாமலோ குறைந்தபட்சக் கூலிக்குக் கீழோ வேலை வாங்குவது, வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, விருப்பப்பட்ட இடத்துக்குப் போய்வரவிடாமல் தடுப்பது, தன் பொருளையோ உழைப்பில் விளைந்ததையோ சந்தை விலைக்கு விற்கவிடாமல் தடுப்பது. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அதிகாரிகளையே பார்த்திருக்கிறேன். ஒன்று போதும். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவர் தலையில்தான் விழும். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். குற்றம் கம்பெனி பெயரில் நடந்தால் அதன் பொறுப்பில் இருப்பவரும் குற்றவாளி.

உச்ச நீதிமன்றம் 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று சொன்னது. பசியும் வறுமையும் தள்ளி ஒருவர் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. "அவங்களாத்தானே சார் வந்தாங்க" என்று சப்ளையர் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

இப்போது உங்கள் சரக்குக்கு வருகிறேன். என் கணக்கில் உங்களுக்கு முதல் கவலையாக இருக்க வேண்டியது மரக்கழி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனிக்காகச் சமவெளியில் கழி வெட்டும் இடம் ஒன்றுக்குப் போனேன். தார்ச்சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே. நீலத் தார்ப்பாயில் ஐந்து கூடாரம், ஒரு தண்ணீர் டிரம், சுற்றிலும் வெட்டிய தைலமரக் கழி. காவலுக்கு யாரும் இல்லை, வேலியும் இல்லை. என்னைக் கூட்டிப்போன காண்ட்ராக்டர், "பாத்தீங்களா, யாரும் யாரையும் அடைச்சு வைக்கலை" என்றார். அவர் போன் பேசத் தள்ளிப் போன நேரத்தில், பட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள் என்று கேட்டேன். "போன மாசம் எங்க மாமியா செத்துட்டாங்க. அவரு மட்டும் போய்ட்டு ரெண்டு நாள்ல வந்துட்டாரு. நானும் புள்ளைங்களும் இங்கியே இருந்தோம்" என்றார். ஏன் நீங்கள் போகவில்லை என்றதற்கு, "எல்லாரும் போனா திரும்ப வருவமோ மாட்டமோன்னு மொதலாளிக்கு பயம் இருக்கும்ல" என்றார். அவர் குரலில் புகார்கூட இல்லை. மாமியார் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாதது, முதலாளியின் பயத்துக்கு முன்னால் நியாயமான விஷயமாக அவருக்கே பட்டிருக்கிறது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த இடத்துக்கு வேலி தேவைப்படவில்லை. மனைவியும் பிள்ளைகளும்தான் அடமானம்.

கணக்கு எப்படி ஓடும் என்று ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள். ஒரு தம்பதி 30,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார்கள். டன்னுக்கு 500 ரூபாய் கூலி என்று பேச்சு. வாரம் நான்கு டன் வெட்டினால் 2,000. அதில் 1,000 செலவுக்குக் கையில், 1,000 பற்றில் கழியும். 30 வாரத்தில் கடன் தீர்ந்துவிட வேண்டும். ஆனால் மழை பெய்தால் வேலை இல்லை, அரிசி மட்டும் வேண்டும். அது பற்றில் ஏறும். பிள்ளைக்குக் காய்ச்சல், அதுவும் ஏறும். வாள் மழுங்கினால் மாற்றும் செலவு அவர்களுடையது. எத்தனை டன் என்று எழுதுவது மேஸ்திரி. 30 வாரம் கழித்து நோட்டைப் பார்த்தால் 34,000 பாக்கி என்று இருக்கும். இதில் ஒருவரும் திருடவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 2,000 ரூபாயை இரண்டு பேருக்கு ஆறு நாளில் வகுத்தால் ஆளுக்கு நாள் கூலி 167 ரூபாய்தான். குறைந்தபட்சக் கூலிக்கு எவ்வளவோ கீழே. பேச்சு முடிந்த அன்றைக்கே அது கொத்தடிமைக் கணக்காகிவிட்டது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் இப்படி மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டார்கள். பெரும்பாலும் இருளர் குடும்பங்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை, கல்குவாரி, கரிமூட்டம் என்று எங்கே எடுத்தாலும் நம் மாநிலத்தில் இதே பாணிதான்: குடும்பமாக வேலை, நாள் கணக்கில் இல்லாமல் செய்த அளவுக்குக் கூலி, வேலை செய்யும் இடத்திலேயே குடியிருப்பு.

நம் மலையிலேயே எஸ்டேட்டில் வெட்டும் சில்வர் ஓக் என்றால் கவலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இன்படி அனுமதி வாங்கி வெட்ட வேண்டும், சரி. காண்ட்ராக்டர் அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டுவார். அதில் யார் நிலம், எந்த மரம் என்பதெல்லாம் இருக்கும். வெட்டியவருக்கு என்ன கூலி என்பது இருக்காது. எஸ்டேட்டின் கடைசி வளைவுக்குக் கீழே, சிக்னல் இல்லாத இடத்தில், மாலை ஐந்து மணிக்குமேல் காட்டு மாட்டுக்கும் யானைக்கும் பயந்து யாரும் வெளியே நடக்காத இடத்தில் கூடாரம் போட்டிருந்தால், அங்கிருந்து கிளம்பிப் போக ஜீப் வேண்டும். ஜீப் யாருடையது என்று பாருங்கள்.

அடுத்தது கல்லுக்கால். கல் உடைக்கும் தொழிலுக்கும் முன்பணத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த பெரிய கொத்தடிமைத் தீர்ப்பே பரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களைப் பற்றியது. ஒருவரிடம் கட்டாய உழைப்பு வாங்கப்படுவது தெரிந்தாலே, அதற்குப் பின்னால் ஒரு முன்பணம் இருப்பதாக வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று அதில் சொன்னார்கள். குவாரியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்தவர் வேலை செய்ய முடியாமல் போகும்போது, அவர் கடன் மகன் பெயருக்கு மாறும். 1976 சட்டப்படி கொத்தடிமைக் கடன் என்று ஒன்று இல்லவே இல்லை, அது சட்டம் வந்த நாளிலேயே ரத்து. மகனுக்கு அது யார் சொல்லித் தெரியும்?

சிமெண்ட் போஸ்ட் வார்க்கும் இடத்துக்கு நீங்களே ஒரு காலை நேரத்தில் போய்வந்துவிடலாம், மேட்டுப்பாளையம் இறங்கினால் பக்கம்தான். பள்ளி நேரத்தில் அங்கே பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் போஸ்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால், அதைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும்.

கம்பி விஷயத்தில் உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பி பெரிய உருக்காலைகளிலிருந்து டீலர் வழியாக வருகிறது. யாருடைய கம்பி என்று பில்லில் எழுதி வாங்குங்கள், போதும். சோலார் வேலி போடுவதாக இருந்தால் பேனலைத் தயாரித்தது யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் செய்யும், பேனலுக்கு மூலப்பொருளான பாலிசிலிக்கானில் கட்டாய உழைப்பு இருப்பதாகச் சொல்லி, அந்தப் பகுதிச் சரக்கை அமெரிக்கா 2022 ஜூன் முதல் தடுத்து வருகிறது. ரிசார்ட்காரர்கள் அதைக் கேட்டாலும் கேட்பார்கள்.

உங்கள் பட்டறையையும் விட்டுவிடாதீர்கள். அந்த 6 ஜார்க்கண்ட்காரர்கள் எப்படி வந்தார்கள்? ஏஜென்டுக்கு ஆளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? ரயில் டிக்கெட்டை அவர்கள் கூலியில் கழித்தீர்களா? ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது? "தொலைச்சிடுவாங்கன்னு நான்தான் பத்திரமா வாங்கி வெச்சிருக்கேன்" என்று சொல்லும் நல்ல முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் அடையாள அட்டையைப் பிடித்து வைப்பது, கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்கச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்லும் 11 அடையாளங்களில் ஒன்று. இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு சின்னப் பூட்டுப்பெட்டி வாங்கிக் கொடுங்கள், சாவி அவர்களிடம் இருக்கட்டும். கூலியை ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் தனித்தனியாகப் போடுங்கள். போட்ட பிறகு ஏடிஎம் கார்டு ஆறும் ஒரே ஆளின் பாக்கெட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல இடங்களில் வங்கிக் கணக்கு கச்சிதமாக இருக்கும், கார்டுகள் எல்லாம் மேஸ்திரியிடம் இருக்கும்.

சப்ளையர் இடத்துக்குப் போகும்போது, "அட்வான்ஸ் வாங்கினீர்களா, அடிக்கிறார்களா" என்று ஆரம்பிக்காதீர்கள். சொல்லிக் கொடுத்த பதில் வரும். அதைவிட முக்கியம், நீங்கள் கிளம்பிய பிறகு மேஸ்திரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஊர், பிள்ளைகள், கடைசியாகப் போன திருவிழா என்று பேசுங்கள். எல்லாரும் சேர்ந்து போனார்களா? பக்கத்து ஊரில் இதே வேலைக்குக் கூலி அதிகம் கிடைத்தால் போவார்களா? பாக்கி எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியுமா? கடைசிக் கேள்விக்கு "மேஸ்திரிக்குத்தான் தெரியும்" என்று பதில் வந்தால் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூட ஒரு பெண்ணை அழைத்துப் போங்கள். என்னிடம் சொல்லாததைப் பெண்கள் இன்னொரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இனி சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இந்தக் கணக்கில் நீங்களும் ஒரு வரி. கழியை அடிமாட்டு விலைக்குக் கேட்டு, தொகையை மூன்று மாதம் கழித்துத் தந்தால், அந்த மூன்று மாதமும் காண்ட்ராக்டர் கூலிக்கு எங்கே போவார்? வட்டிக்கு வாங்குவார், அல்லது கூலியைப் பிடித்து வைப்பார். கூலி பிடிபட்டவர்கள் கிளம்பிவிடாமல் இருக்க இன்னொரு முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவார். நான் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல், மேலே இருந்து பணம் தாமதமாக வந்த இடங்கள். ஆகவே கழிக்கு விலை பேசும்போது, அந்த விலையில் ஆளுக்குக் குறைந்தபட்ச நாள் கூலி நிற்குமா என்று நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் விலையைக் கூட்டுங்கள். சரக்கு இறங்கிய வாரமே கூலிப் பங்கைக் கொடுத்துவிடுங்கள்.

இதை மேலேயும் கேட்கலாம், கேட்க வேண்டும். உங்களுக்கு உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இருந்தால், சிறு, குறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன்படி வாங்குகிறவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ரிசார்ட்காரர்கள் 90 நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அவர்களுடைய அடிமைமுறைப் படிவத்தையும் அந்த ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மின்னஞ்சல் எழுதுங்கள்.

சரி, போய்ப் பார்த்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால்? உடனே ஆர்டரை ரத்து செய்துவிட்டு வேறு காண்ட்ராக்டரிடம் போவதுதான் பலரும் செய்வது. அதனால் உங்கள் காகிதம் சுத்தமாகும்; அந்தக் குடும்பங்கள் ஒரே இரவில் லாரியில் ஏற்றப்பட்டு வேறு இடத்துக்குப் போய்விடும். கூலி பாக்கி, குறைந்த கூலி என்ற அளவில் இருந்தால் காண்ட்ராக்டருடன் உட்கார்ந்து பேசுங்கள்: முன்பணக் கணக்கை எழுதித் தள்ளுபடி செய்யட்டும், பாக்கிக் கூலியைக் கொடுக்கட்டும், அதற்கான பணத்தில் உங்கள் பங்கு என்ன என்று பாருங்கள். போகவிடாமல் தடுப்பது, அடி, மிரட்டல், குழந்தைகள் என்றால் பேச்சுக்கே இடமில்லை. நீங்களாகப் போய் மீட்க முயலாதீர்கள், அந்த இடத்தின் கோட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள். நம் மாவட்டத்தில் உதகை, குன்னூர், கூடலூர் என்று மூன்று கோட்டங்கள். குழந்தைகள் இருந்தால் 1098. இலவச சட்ட உதவிக்கு 15100. விசாரித்து உறுதியானால் விடுவிப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதுதான் உயிர்நாடி: கடன் ரத்தானதற்கு அத்தாட்சி, மறுவாழ்வு உதவிக்கும் வழி. மத்திய அரசுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை, அப்புறம் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டல் என்றால் 3 லட்சம் வரை உண்டு. சான்றிதழ் இல்லாமல் ஊருக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் ஆறு மாதத்தில் இன்னொரு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் "எங்கும் இல்லை" என்று எழுதாதீர்கள். எந்தெந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, எந்த இடத்துக்கு எந்தத் தேதியில் நேரில் போனீர்கள், எங்கே இன்னும் போகவில்லை, பார்த்ததில் எதைச் சரி செய்யச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். கம்பி பற்றி டீலர் பெயருக்கு மேல் தெரியாது என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். உண்மையிலேயே அக்கறை உள்ள நிறுவனம் இதைத்தான் எதிர்பார்க்கும்.

திங்கட்கிழமை மர காண்ட்ராக்டருக்குப் போன் செய்து, "அடுத்த லோடு வெட்டும்போது நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை குடும்பம் என்று அவர் உடனே சொல்கிறாரா, இல்லை "அங்கெல்லாம் ரோடு சரியில்லைங்க, நீங்க எதுக்கு" என்கிறாரா என்று கவனியுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கும் எழுதுங்கள், அதை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.